நாலு சானல் கேட்டால் நாற்பது சானல்

பார்க்கிற சானலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்ற டிராய் விதி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, நியாயமாக ரொம்ப சந்தோஷப்பட வேண்டியவர்கள் நம்மை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தான். டெல்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு முப்பது ஹிந்தி சானல் எதற்கு? சன், விஜய், ஒரு நியூஸ், பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன். முடிந்தது கதை.

அந்த நாலையும் எழுதி எங்கள் கேபிள்காரரிடம் நீட்டினேன். "பாயி சாப், பேக் லே லோ, சஸ்தா படேகா" என்றார். பேக்கேஜாக வாங்கினால் மலிவாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மனுஷன் சொன்னது சரி! வயிற்றெரிச்சலே அங்கேதான்.

அன்றைய கணக்கு இது. கட்டண சானல் ஒன்றுகூட இல்லாமல் வெறும் இணைப்புக்கே 130 ரூபாய், வரியோடு 153.40. அதற்கு மேல் சன் 19, விஜய் 17 என்று ஒவ்வொன்றாக ஏறும். தனி சானலுக்கு என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம். 19 ரூபாயைத் தாண்டினால் பேக்கேஜில் சேர்க்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே பெரிய சானல்கள் பல 19-ஐ ஒட்டி வந்து நின்றுகொண்டன. பேக்கேஜாக எடுத்தாலோ ஏகப்பட்ட தள்ளுபடி. தனித்தனி விலையைக் கூட்டினால் வருவதில் 70 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று டிராயே அதே வருஷம் எழுதியது. தனியாக வாங்குகிறவனுக்கு மறைமுக அபராதம் என்றுதான் நான் இதைச் சொல்வேன்.

தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முதலில் விதி இருந்தது. ஸ்டாரும் விஜய்யும் வழக்குப் போட்டு, 2018-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அந்த வரம்பு அடிபட்டுப் போனது. (நம்ம ஊர் கோர்ட்டேதான்!) அடுத்து 2020-ல் டிராய் 19-ஐ 12 ஆக்கியது. கம்பெனிகள் மும்பையில் வழக்குப் போட்டன. தீர்ப்பு பெரும்பாலும் டிராய் பக்கம் வந்ததும், பிரபலமான சானல்களை 12-க்கு மேல் விலை வைத்துப் பேக்கேஜிலிருந்து உருவிவிட்டார்கள். கடைசியில் 2022 நவம்பரில் மறுபடி 19. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத கேபிள்காரர்களுக்கு 2023 பிப்ரவரியில் சில பெரிய நிறுவனங்கள் சிக்னலையே நிறுத்தின. இருட்டில் உட்கார்ந்தது யார்? நாம்தான்.

பேக்கேஜ் இல்லாவிட்டால் சின்ன சானல்கள் செத்துப்போகும் என்பது அவர்கள் தரப்பு. கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சின்ன சானலைக் காப்பாற்ற என் பர்ஸில்தான் கை வைக்க வேண்டுமா?

நுகர்வோருக்கு சக்தியே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் இங்கே 499 ரூபாய் திட்டத்தை 199 ஆக்கியது. எந்த ஆணையமும் உத்தரவு போடவில்லை. இந்த விலைக்கு ஜனங்கள் வாங்கவில்லை, இறங்கி வந்தார்கள். அதே ஜனங்கள் பழகிவிட்டால் கதை வேறு. 2025 ஜூனில் அமேசான் பிரைம் படத்துக்கு நடுவே விளம்பரம் போட ஆரம்பித்தது. விளம்பரம் வேண்டாமா, வருஷத்துக்கு 699 ரூபாய் தனியாக எடுத்து வை என்றது.

வேண்டாம் என்று எழுந்து போக முடிந்தவனிடம்தான் கம்பெனி பேரம் பேசும். எனக்கு நெட்ஃப்ளிக்ஸ் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். ஹிந்தி தெரியாது. நாங்கள் ஆபீஸும் பிள்ளைகள் ஸ்கூலும் போன பிறகு அந்த வீட்டில் தமிழ் பேசுவது டிவி ஒன்றுதான். சாயங்காலம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் என் பெண் "மச்சினி", "ஓரகத்தி" எல்லாம் கற்றுக்கொண்டாள். இந்த வீட்டில் இணைப்பைத் துண்டித்துக் காட்டு என்றால் யாரிடம் போய்க் காட்டுவது?

அதனால் வேறு வழி பார்த்தோம். எங்கள் குடியிருப்பில் ஏழு தமிழ் வீடுகள். ஏழு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, தமிழ் சானல்கள் தனியாகக் கிடைக்காவிட்டால் அடுத்த மாசம் எல்லோரும் டிஷ்ஷுக்கு மாறுகிறோம் என்று கொடுத்தோம். தனியாகப் போனபோது சிரித்த அதே கேபிள்காரர் மூன்றாம் நாள் வந்தார். நாலில் மூன்று கிடைத்தது. கார்ட்டூன் மட்டும் இன்னும் ஹிந்தியில்தான் ஓடுகிறது.