சந்தைக்குக் காவலர்கள் வேண்டும்!

கடையில் பூட்டை உடைத்துத் திருடியவனைப் பிடிக்கக் காவல் நிலையம் இருக்கிறது. எடைக்கல்லில் மோசடி செய்தவனைப் பிடிக்க எடை அளவுத் துறை இருக்கிறது. ஆனால், நான்கு பெரிய கம்பெனிகள் மூடிய அறைக்குள் கூடிப் பேசி, மறுநாள் காலையில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் விலையை ஏற்றுகின்றனவே, அந்தத் திருட்டைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள். ‘இந்தியப் போட்டி ஆணையம்’ என்பது அதன் பெயர். தலைமையகம் டெல்லியில். 2021 பிப்ரவரியில் தென் மாநிலங்களுக்கென்று சென்னையிலும் ஒரு மண்டல அலுவலகம் திறக்கப்பட்டது. நம் வியாபாரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சட்டம் படிக்கும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் அங்கே ஓர் இருக்கை தமக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்?

1969-ல் ஏகபோகத்தைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. கம்பெனிகள் அளவுக்கு மீறிப் பெருத்துவிடாமல் தடுப்பதே அதன் பெரிய கவலையாக இருந்தது. தாராளமயக் கொள்கை வந்தபின் அந்தச் சட்டம் காலாவதியான மருந்தைப்போல் ஆனது. அதன் இடத்தில் போட்டிச் சட்டம், 2002 வந்தது. 2003-ல் ஆணையம் அமைந்தாலும், வழக்குகளும் திருத்தங்களும் குறுக்கிட்டு, 2009 மே 20 அன்றுதான் அதன் முக்கியமான பிரிவுகள் உயிர் பெற்றன. சட்டம் பிறந்து பல் முளைக்க ஆறு ஆண்டுகள்!

இந்தச் சட்டம் எதைத் தடுக்கிறது? போட்டியாளர்கள் தமக்குள் பேசி விலையை நிர்ணயிப்பது, சரக்கை வேண்டுமென்றே குறைத்து வெளியிடுவது, ‘இந்த ஊர் உனக்கு, அந்த ஊர் எனக்கு’ என்று சந்தையைப் பங்கு போடுவது, அரசு டெண்டர்களில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு விலை கோருவது ஆகிய இவையெல்லாம் குற்றம். சந்தையில் தனக்கிருக்கும் ஆதிக்கத்தைக் கொண்டு சிறியவனை நசுக்குவதும் குற்றம். பெரிதாக வளர்வது குற்றமல்ல. வளர்ந்த பலத்தால் மற்றவனின் வயிற்றில் அடிப்பதுதான் குற்றம்.

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டப் புத்தகம் தானாக எழுந்து போய் யாரையும் பிடிப்பதில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும். நாம் பேச வந்தது அந்த ஆளைப் பற்றித்தான்.

சிமெண்ட் வழக்கைப் பாருங்கள். கட்டுமான ஒப்பந்தக்காரர்களின் அகில இந்திய சங்கம் 2010-ல் புகார் கொடுத்தது. 2012 ஜூன் மாதம் 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் சேர்த்து 6,300 கோடி ரூபாய்க்கு அபராதம் விதிக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது. நடந்தது என்ன? வழக்கு விசாரணையைக் கேட்காத ஒருவர் தீர்ப்பில் கையெழுத்திட்டார் என்ற நடைமுறைக் குறையைக் காட்டி, 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தது. மீண்டும் விசாரணை. 2016 ஆகஸ்டில் மீண்டும் அபராதம். 2018 ஜூலையில்தான் அது தீர்ப்பாயத்தில் உறுதியானது. அதற்குப் பிறகும் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் படியேறியது.

எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டுகளில் வீடு கட்டிய ஏழை எளியவர்கள் எத்தனை பேர்? மூட்டைக்கு மூட்டை அவர்கள் கொடுத்த பணத்துக்கு யார் பொறுப்பு? ஒரு நடைமுறைக் குறை ஆண்டுக்கணக்கான உழைப்பைக் கவிழ்த்துவிட்டது. எதிரே நிற்பவர்கள் நாட்டின் மிகச் சிறந்த வழக்கறிஞர்களை அமர்த்தி, ஒவ்வொரு தாளிலும் ஓட்டை தேடுகிறவர்கள். அவர்களுக்கு ஈடு கொடுக்கும் கூர்மை அரசுத் தரப்பின் கோப்பிலும் இருக்க வேண்டாமா?

கோப்பை எழுதுகிறவர் ஆணையத் தலைவர் அல்ல. ஒரு புகார் வந்தால் அதை முதலில் படிப்பவர்கள் சட்டம், பொருளாதாரம், நிதி ஆய்வு ஆகிய மூன்று பிரிவுகளில் பணியாற்றும் அதிகாரிகள். ‘இதில் விஷயம் இருக்கிறதா, இல்லையா?’ என்று முதல் குறிப்பை எழுதுவது அவர்கள். விசாரணைக்கு உத்தரவானால், தலைமை இயக்குநர் அலுவலகத்தின் அதிகாரிகள் கம்பெனியின் மின்னஞ்சல்களையும், சங்கக் கூட்டக் குறிப்புகளையும், விலைப் பட்டியல்களையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். விலை பேசி முடித்தவன் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வானா? கூட்டம் நடந்த தேதியையும் விலை ஏறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் உண்மையைக் கறக்க வேண்டும். அந்தப் பொறுமையான வேலையைச் செய்பவர் இந்த அதிகாரிதான். அவர் கோட்டைவிட்டால் மேலே உள்ள எவராலும் பிடிக்க முடியாது.

இவ்வளவு முக்கியமான அதிகாரிகளை அரசு எப்படிச் சேர்க்கிறது? நேரடி நியமன அறிவிப்பு அவ்வப்போதுதான் வருகிறது. பலர் வேறு துறைகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு அயல்பணியில் வருகிறார்கள். இளம் பட்டதாரிகள் பலர் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்படுகிறார்கள். அயல்பணியில் வந்தவர் தொழிலைக் கற்று முடிக்கும்போது தாய்த் துறைக்குத் திரும்பிவிடுகிறார். ஒப்பந்தத்தில் வந்தவர் கற்ற வித்தையோடு பெரிய வழக்கறிஞர் நிறுவனத்துக்குப் போய்விடுகிறார். நேற்றுவரை அரசுக்காகக் கோப்பு எழுதியவர் நாளை எதிர்த் தரப்பில் அமர்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிரந்தரமும் பதவி உயர்வும் தராத இடத்தில் யார் தங்குவார்கள்?

வேலையோ கூடிக்கொண்டே போகிறது. 2023-ல் வந்த திருத்தம், கம்பெனிகள் இணைவதை ஆராய்ந்து முடிவு சொல்லும் கெடுவை 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைத்தது. அதற்கு முன்பே 2022 டிசம்பரில், நாடாளுமன்ற நிதி நிலைக்குழு இணையச் சந்தைகளைக் கண்காணிக்க ஆணையத்துக்குள் வல்லுநர்கள் கொண்ட தனிப் பிரிவு தேவை என்று பரிந்துரைத்தது. கெடுவைக் குறைத்தவர்கள் கைகளையும் கூட்ட வேண்டாமா? ஆண்டுதோறும் தவறாமல் தேர்வு நடத்தி, தொடக்க நிலை அதிகாரிகளை நிரந்தரமாக எடுத்து, பயிற்சி கொடுத்து, அவர்களைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அறிவிப்புகள் டெல்லியின் ஆங்கில வட்டாரத்தோடு நின்றுவிடாமல் மாவட்டக் கல்லூரிகளுக்கும் வந்து சேர வேண்டும்.

வியாபாரப் பெருமக்களே! இது யாருக்கோ வந்த விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். டெல்லியில் செல்போன் விற்கும் சிறு வியாபாரிகளின் சங்கம் ஒன்று, அமேசானையும் ஃபிளிப்கார்ட்டையும் எதிர்த்து இந்த ஆணையத்தின் கதவைத் தட்டியது. சில போன்களைத் தங்கள் தளத்தில் மட்டும் வெளியிடுகிறார்கள், தங்களுக்கு வேண்டிய விற்பனையாளர்களுக்கே சலுகை காட்டுகிறார்கள், கட்டுப்படியாகாத தள்ளுபடியால் எங்களை ஒழிக்கிறார்கள் என்பது புகார். 2020 ஜனவரியில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தக் கம்பெனிகள் கர்நாடக உயர் நீதிமன்றம் போயின. உச்ச நீதிமன்றமும் போயின. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விசாரணையைத் தடுக்க மறுத்துவிட்டது. டெல்லி வியாபாரியின் அந்த வேதனை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கடை வைத்திருப்பவருக்குப் புதியதா? அவர்கள் புகார் எழுதினார்கள், நாம் புலம்பிக்கொண்டிருக்கிறோம். அதுதான் வித்தியாசம்.

புகார் கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு. தனி ஆளும் கொடுக்கலாம், வியாபாரிகள் சங்கமும் கொடுக்கலாம். ஆனால் 2023 திருத்தத்தின்படி மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பில், கடிதம், குறுஞ்செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவைதாம் நாளைய சாட்சிகள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கசப்பாக இருந்தாலும் சொல்வது கடமை. சட்டத்தின் கத்தி ஒரு பக்கம் மட்டும் கூரானதல்ல. மருந்து வியாபாரிகளின் அகில இந்திய அமைப்பு, தன் அனுமதிக் கடிதம் இல்லாமல் எந்தக் கம்பெனியும் புதிய ஸ்டாக்கிஸ்ட் நியமிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. 2013 பிப்ரவரியில் அதற்குச் சுமார் 47 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களும் வியாபாரிகள்தாம்; அதுவும் ஒரு சங்கம்தான். ஆகவே, ‘நம் சங்கத்தில் எல்லோரும் கூடி ஒரே விலை வைத்துக்கொள்வோம், புதியவனை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வோம்’ என்று எந்த ஊரில் தீர்மானம் போட்டாலும் அது இந்தச் சட்டத்தின் வலைக்குள் வரும். பெரிய முதலாளி செய்தால் அநியாயம், நாம் செய்தால் ஒற்றுமையா? கடைவீதியில் மோசடியையும் பதுக்கலையும் கண்காணிக்க ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரியை நியமித்த வரலாறு உடையவர்கள் நாம். அந்த அதிகாரி வேற்றாள் கடைக்கு மட்டும் போனவரல்ல. எல்லாக் கடைக்கும் போனவர்.

இளைஞர்களே! இப்போது உங்களிடம் வருகிறோம். கொள்முதல் விலை என்றால் என்ன, மார்ஜின் என்றால் என்ன, மொத்த வியாபாரி எப்போது சரக்கை அமுக்குவான், கம்பெனி டீலரை எப்படி மிரட்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. வாப்பாவின் கடைக் கல்லாவில் உட்கார்ந்த அனுபவம் போதும். இந்த அறிவோடு சட்டப் படிப்போ, பொருளாதாரமோ, சி.ஏ.வோ சேர்ந்தால் போட்டி ஆணையத்துக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரி எங்கே கிடைப்பார்?

2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கை, ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம் என்று கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கை மேடைக்கு மேடை ஒப்பித்தாயிற்று. ஒப்பித்தால் எண்ணிக்கை கூடுமா? விண்ணப்பித்தால்தான் கூடும்!

என்ன செய்ய வேண்டும்? பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப் படிப்பை யோசியுங்கள். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிக்கும்போதே ஆணையத்தின் மாணவர் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். படித்து முடித்ததும் ஒப்பந்தப் பணி வந்தால் அனுபவத்துக்காக ஏற்றுக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணிக்கான தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தாதீர்கள். சிவில் சர்வீஸ் தேர்வில் ‘இந்தியன் கார்ப்பரேட் லா சர்வீஸ்’ என்றொரு பணியும் இருக்கிறது. அதையும் மனதில் வையுங்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் பிரிவினர் மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதற்குரிய சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். மாநிலச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாதீர்கள்.

ஆங்கிலம் தடையாக இருக்கிறதா? ஆணையத்தின் உத்தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்று என்று அகராதியை வைத்துக்கொண்டு படியுங்கள். ஓர் ஆண்டில் ஐம்பது உத்தரவு. நேர்முகத் தேர்வில் யாரும் உங்களைத் தலைகுனிய வைக்க முடியாது.

கல்லூரி நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி, சென்னை நியூ காலேஜ், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி என்று வணிகர்களின் பணத்திலும் உழைப்பிலும் எழுந்த கலாசாலைகள் நமக்குண்டு. சந்தையைப் பற்றிய இந்தச் சட்டத்தை வணிகவியல் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த அவற்றைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆணையத்தின் கடமைகளில் விழிப்புணர்வு ஏற்படுத்துவதும் ஒன்று. சென்னை மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அதிகாரிகளை அழையுங்கள். அந்த அரங்கில் மாணவர்களோடு ஊர் வியாபாரிகளையும் உட்கார வையுங்கள்.

அரசு ஆள் எடுக்கட்டும். வியாபாரி புகார் எழுதட்டும், தானும் நேர்மையாக விற்கட்டும். இளைஞன் படித்து அந்த நாற்காலியில் போய் உட்காரட்டும். உட்கார்ந்தபின், தன் ஊர்க்காரன் என்றோ, தன் சமுதாயத்தவன் என்றோ பாராமல், பெரியவன் சிறியவன் என்று அஞ்சாமல் கோப்பை எழுதட்டும். சந்தை நியாயமாக நடந்தால் அதன் பலன் ஒரு சமுதாயத்துக்கு மட்டுமல்ல. ஒரு மூட்டை சிமெண்டும் ஓர் அட்டை மாத்திரையும் வாங்கும் ஒவ்வொரு குடிமகனுக்கும் அது போய்ச் சேரும்.

அடுத்த அறிவிப்பு வரும்போது, நம் பிள்ளைகளின் விண்ணப்பம் அங்கே இருக்குமா?

இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், இருக்கும்!