ஏக்கரும் சதுர அடியும்

சீன தேசத்துக்குப் போய்த் திரும்பும் நம் கனவான்கள் யாவரும் இப்போது ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். ஷாங்காய் நகரத்தில் ஹுவாங்பு ஆற்றின் கிழக்குக் கரையில் புடோங் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் வயல்களும் காய்கறித் தோட்டங்களும் பழைய கிடங்குகளுமாய்க் கிடந்த அவ்விடம் இன்று அண்ணாந்து பார்ப்பவன் கழுத்தை நோகச் செய்கிறது. ஆகவே நம் நாடும் அப்படி ஆகவேண்டும், குறுக்கே நின்று முணுமுணுப்பவன் முன்னேற்றத்தின் விரோதி என்பதே அப்பல்லவியின் சாரம். கல்யாண வீட்டிலும் சங்கக் கூட்டத்திலும் வாசகசாலை ஆண்டு விழாவிலும் இதைக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. பல்லவியோடு நிறுத்திக்கொண்டு சரணத்தை எல்லோரும் விழுங்கிவிடுகிறார்களே என்பதனாலேயே இதை எழுதுகிறோம்.

அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. 1990-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி புடோங்கை அபிவிருத்தி செய்வதாகச் சீன சர்க்கார் அறிவித்தது. மறு வருஷமே நான்பு பாலம் ஆற்றின்மேல் நின்றது. 1994-ல் 468 மீட்டர் உயரமுள்ள ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. பிற்பாடு அதையும் குள்ளமாக்கி 632 மீட்டரில் ஒரு மாளிகையைக் கட்டினார்கள். இத்தனையையும் இருபத்தைந்து வருஷத்துக்குள் செய்து முடித்த ஜனங்களின் உழைப்பை நாம் இகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அந்த வயலில் நேற்றுவரை பாடுபட்டவன் எங்கே போனான்?

இக்கேள்விக்குச் சீனத்தில் நல்ல விடை இருக்கிறதென்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே கிராமத்து நிலம் தனி மனிதனுடையதன்று, ஊராரின் கூட்டுச் சொத்து. சர்க்கார் அதை நகரத்துக்காக எடுத்துக்கொண்டபோது, 1986-ம் வருஷத்து நிலச் சட்டத்தின்படி, முந்திய மூன்று வருஷத்து விளைச்சலின் சராசரி மதிப்பைப்போல மூன்று முதல் ஆறு மடங்கு நிலத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது. அதாவது வரப்போகும் மாளிகையின் விலையை விட்டுவிட்டுப் போன வருஷத்துக் கீரையின் விலையைப் பிடித்துக்கொண்டு கணக்கிட்டார்கள். குடியானவர்கள் பல மாகாணங்களில் கூச்சலிட்டார்கள், மறியலும் செய்தார்கள். கடைசியில் 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 2020 முதல் அந்த விளைச்சல் மடங்குக் கணக்கை ஒழித்தார்கள். வீட்டுக்குத் தனி ஈடும், நிலமிழந்தவரின் முதுமைக்குப் பாதுகாப்பும் கொடுக்கவேண்டுமென்று எழுதினார்கள். முப்பது வருஷத் தாமதந்தான். ஆயினும் அக்குடியானவனின் பெயர் ஊர்ப் பதிவேட்டில் இருந்தது. குறைத்துக் கொடுத்தார்கள் என்று சண்டை போடவாவது அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது.

நம்மவனுக்கு என்ன இருந்தது? இதை அறியக் கப்பலேற வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் எல்லையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய புத்ராஜெயாவே போதும்.

1921-ல் முதல் உலக யுத்தத்தில் போர்புரிந்த வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரிகள் சிலர் சிலாங்கூரில் காடழித்து ஒரு ரப்பர் தோட்டம் போட்டார்கள். தாங்கள் கண்ட பெரும் போரின் ஞாபகமாக அதற்கு மலாய் மொழியில் பிராங் புசார் என்று பெயர் வைத்தார்கள். காட்டை அழித்தவர்கள் உண்மையில் யார், மலேரியாவில் செத்தவர்கள் யார் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோட்டம் ரப்பர் ஒட்டுக்கன்று ஆராய்ச்சியில் உலகப் பிரசித்தி பெற்றது. பி.பி. 86, பி.பி. 260 என்று கன்றுகளுக்குப் பெயர் சொல்லுகிறோமே, அந்தப் பி.பி. என்பது பிராங் புசாரின் முதலெழுத்துக்களே. நம் தோட்டத்துப் பழைய கணக்குப் புத்தகங்களிலும் வெட்டுக்காட்டு நம்பருக்கு எதிரே அந்த எழுத்துக்கள் இருக்கின்றன. கேரளத்து மலைச்சரிவுகளிலும் அதே கன்றுகளைத்தான் நட்டார்கள். மரத்துக்கு அந்தத் தோட்டம் தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. மரத்தை வெட்டிய மனிதனுக்கு எதைக் கொடுத்தது?

புதிய தலைநகரத்தின் வேலை 1995-ல் ஆரம்பமாயிற்று. 1999-ல் பிரதம மந்திரியின் காரியாலயம் அங்கே குடியேறிற்று. 2001 பிப்ரவரி முதல் தேதி அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ஏறக்குறைய ஐயாயிரம் ஹெக்டேர் நிலம். நடுவே ஏரி, பாலங்கள், பச்சைக் குவிமாடம். பார்க்க அழகாகவே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் நாமும் பிள்ளைகளை அழைத்துப்போகிறோம். பிராங் புசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி என்ற நான்கு தோட்டங்களின் சுமார் 400 குடும்பங்கள் அந்த அழகுக்கு இடம்விட்டு டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்னும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தரைவீடு தருவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்று அம்மக்கள் அன்றுமுதல் சொல்லிவருகிறார்கள். கிடைத்த மாடி வீடுகளின் சுவர்களில் வெடிப்பு விட்டது. மனு, ஊர்வலம், பத்திரிகைச் செய்தி என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிற்று. 2023-ல் தரைவீடுகள் கட்டித் தரப்படுமென்று சர்க்கார் மறுபடி அறிவித்தது. அவ்வறிவிப்பைக் கேட்க, மரம் வெட்டிய அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் மிச்சமிருந்தார்கள்?

இதற்குக் காரணம் யாரோ சிலருடைய கெட்ட மனசு என்று நாம் நினைக்கவில்லை. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நாம் கிராணி வேலை பார்ப்பவர்களானபடியால் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சிறிது பேசத் துணிகிறோம்.

தோட்டத்து நிலம் ஏக்கரில் அளக்கப்படுகிறது; நகரத்து மனை சதுர அடியில் அளக்கப்படுகிறது. ஏக்கர் ஒன்றுக்கு 43,560 சதுர அடி. நடுவே நடப்பது என்னவென்றால், நிலப் பட்டாவில் ‘விவசாயம்’ என்றிருக்கும் ஒரு வார்த்தையை அடித்துவிட்டுக் ‘கட்டடம்’ என்று எழுதுகிறார்கள். தேசிய நிலச் சட்டத்தின் 124-ம் பிரிவின்படி இப்படி மாற்றித்தரும் அதிகாரம் மாநில சர்க்காருக்கு உண்டு. அதற்காக நிலச் சொந்தக்காரனிடம் ஒரு கட்டணம் வாங்கிக்கொள்ளவும், நிபந்தனைகள் விதிக்கவும் அதே பிரிவு இடங்கொடுக்கிறது. மாற்றி எழுதிய அன்று சதுர அடிக்கு ஒரே ஒரு வெள்ளி விலை ஏறிற்றென்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 43,560 வெள்ளி. ஒரு மண்வெட்டிகூட மண்ணில் விழவில்லை.

இனி மறுபக்கம். வேலைநீக்க ஈட்டுக்கான 1980-ம் வருஷத்து விதிகளின்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தவனுக்கு வருஷம் ஒன்றுக்கு இருபது நாள் சம்பளம். இருபத்தைந்து வருஷம் உழைத்தவனுக்கு ஐந்நூறு நாள் சம்பளம். 2025-ல் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய முப்பதாயிரம் வெள்ளி. ஒரு மனிதனின் இருபத்தைந்து வருஷம், ஓர் ஏக்கரில் ஒரு வெள்ளி விலையேற்றத்துக்கு ஈடாகவில்லை! அதன்மேல் கட்டப்படும் தரைவீட்டின் விலையோ பல லட்சம். வயது முதிர்ந்து ஓய்வுபெற்றவனுக்கு அந்த முப்பதாயிரமும் இல்லை. அவன் பெயர் செக்ரோலிலிருந்து முன்னமே எடுபட்டுவிட்டது. இப்போது காட்டு வேலைக்குப் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் வந்துவிட்டபடியால், லயங்களில் மிஞ்சியிருக்கும் நம்மவரில் இத்தகைய முதியவர்கள் அதிகம். வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை நிலத்தோடு சேர்ந்தது. நிலத்தின் பெயர் மாறியதும் மூன்றும் ஒன்றாகப் போய்விடுகின்றன. சுவாவுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் 1999-ல் நிப்பா நோய்க்காகப் பன்றிகளைக் கொன்றபோது, தலைக்கு இவ்வளவு என்று பண்ணைக்காரர்களுக்கு ஈடு கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் மூன்று தலைமுறையாய் ஒரே லயத்தில் குடியிருந்ததற்குத் தலைக்கு எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் ஒரு பத்தி கிடையாது.

‘தோட்டம் என்ன சொர்க்கமா? அது ஒழிந்தால் பிள்ளைகள் உருப்படுவார்கள்’ என்று சில நண்பர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் கட்சியே நம் கட்சியும். கங்காணியின் பிரம்பையும், கள்ளுக்கடையையும், விடியுமுன் பிரட்டுக் களத்தில் கைகட்டி நின்றதையும் நினைத்துக் கண்ணீர்விடும் கவிகளின் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். லயம் இடிவது நல்லதே. நகரம் வரட்டும். வருகிற நகரத்தில் நமக்கு வாசற்படி உண்டா என்பதே வழக்கு.

முன்னோர் இவ்வளவு ஏமாளிகளாக இருக்கவில்லை. 1950-களில் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தொழிலாளர்கள் மறு வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அன்று நிலம் ஏக்கர் விலைக்குக் கிடைத்தது. சதுர அடி விலைக்கு எந்தக் கூட்டுறவுச் சங்கம் வாங்கும்? 1973-ல் துன் ரசாக், தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு வேண்டுமென்று ஒரு திட்டத்தை முதலாளிகளிடம் சொன்னார். சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கட்டாயப்படுத்தும் சட்டமாக அது வரவில்லை.

நம் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்லிவிடுவோம். ஒரு தோட்டம் விற்பனையாகிறதென்று தெரிந்ததும் நம்மவர்களில் முதலில் கிளம்பும் கமிட்டி எது? ஆலயப் பாதுகாப்புக் கமிட்டி. மாரியம்மனுக்கு எத்தனை அடி மனை, கோபுரத்துக்கு எத்தனை வெள்ளி நன்கொடை என்று வாதாடுவதற்கு வழக்கறிஞர் வருகிறார், எம்.பி. வருகிறார், மாலையும் புகைப்படமும் வருகின்றன. முதலாளியும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறான். ஐந்நூறு வீட்டுக்குப் பதில் ஒரு வீடு, அதிலும் குடியிருப்பவள் வாடகையைப் பற்றியோ வெடிப்பைப் பற்றியோ வாய் திறக்கமாட்டாள்! கும்பாபிஷேகத்துக்கு மாடி வீடுகளிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களைப் பார்த்து, ‘சமுதாயம் ஒன்றுபட்டது’ என்று மேடையில் பேசுகிறார்கள். கடவுளுக்கு இடம் கேட்டவர்கள், அதே மனுவில், அதே காகிதத்தில், அடுத்த வரியில் கிழவிக்கும் இடம் கேட்டிருந்தால் கை முறிந்தா போயிருக்கும்?

பிறரை மட்டும் திட்டிவிட்டுப் போக நமக்கு யோக்கியதை இல்லை. வீடு காலிசெய்யும் நோட்டீசைத் தமிழில் வாசித்துக் காட்டியது யார்? கைநாட்டு வைக்கும் இடத்தைக் காட்டியது யார்? இங்கிலீஷ் பள்ளியில் படித்துக் காரியாலயத்தில் மேசைக்குப் பின்னே உட்கார்ந்திருக்கும் நாம்தான். பட்டாவில் என்ன வார்த்தை மாறப்போகிறதென்பது அறைக்கதவு தாண்டுமுன் நமக்குத் தெரியும். தொழிலாளிக்கு அது தெரியவருவதோ மரத்தில் சிவப்புச் சாயம் பூசியபிறகு. கிராணிக்கு வேறிடத்தில் வேலை கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் வாயை மூடிக்கொண்டோம்.

இப்போது இதை ஏன் எழுதுகிறோம் என்றால், அந்தச் சிவப்புச் சாயம் நம் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. மலேசியா விஷன் வேலி என்ற பெயரில் சிரம்பான், போர்ட்டிக்சன் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலப்பரப்புக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். சுவா அதற்குள்தான் இருக்கிறது. இத்திட்டத்தின் பெருமைக்குக் காட்டப்பட்ட அதிவேக ரயில், லாபுவில் நிற்குமென்று சொன்ன ரயில், வரவில்லை. அதற்கான சிங்கப்பூர் ஒப்பந்தம் முடிந்துபோனதாக 2021 ஜனவரி முதல் தேதி இரு சர்க்கார்களும் அறிவித்தன. ரயில் நின்றாலும் நிலத்தின் விலை நிற்கிறதில்லை. லாபு, செண்டாயான், நீலாய்ப் பக்கங்களில் நேற்றைய வெட்டுக்காடு இன்று மனைப்பிரிவாய் இருப்பதைப் பஸ்ஸில் போகிற எவனும் பார்க்கலாம்.

இம்முறை சாயம் பூசுவதற்கு முன்பே கேட்க வழி இருக்கிறது. 1976-ம் வருஷத்து நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்டத்தின் நகலைப் பொதுஜனங்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களை எழுத்தில் வாங்கவேண்டும். பாரம் மலாயில் இருக்கும். நம்மவர் அந்தப் பக்கம் போவதில்லை. போகிறவர்கள் வீட்டுமனைக் கம்பெனியாரின் ஆட்களே. ஆட்சேபத்தில் எழுதவேண்டியது நாலு வரிதான். தோட்ட நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றித்தரும்போது, அத்தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கும், அங்கே உழைத்து ஓய்வுபெற்றவர்களுக்கும், அதே எல்லைக்குள் தரைவீடு கட்டிக் கையளித்த பின்னரே லயத்தை இடிக்கலாமென்று 124-ம் பிரிவின்கீழ் நிபந்தனை விதிக்கவேண்டும்; வாய்வார்த்தை போதாது, பட்டாவிலேயே அந்நிபந்தனை எழுதப்படவேண்டும். அவ்வளவே. கீழே பெயர்ப் பட்டியல்: பெயர், லயத்து நம்பர், வேலைக்கு வந்த வருஷம், ஓய்வுபெற்ற வருஷம்.

பழைய செக்ரோல்கள் ஸ்டோர் அலமாரியின் மேல்தட்டில் கறையான் தின்றது போக இன்னும் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு தோட்டத்துப் பட்டியலை எடுத்தெழுத இரண்டு கிராணிகளுக்கு நாலு சாயங்காலம் பிடிக்கும். போர்ட்டிக்சன் பக்கத்தில் எழுத இசைகிறவர்கள் இப்பத்திரிகை விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டால் நாம் வந்து கூட உட்காருகிறோம்.