பம்பருக்குக் கிடைக்கும் நட்டஈடு காலுக்குக் கிடைப்பதில்லை, ஏன்?

வீதியில் இரண்டு வாகனங்கள் மோதிக் கொண்டால் சிறிது நேரத்தில் காப்புறுதிக் கம்பனியின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி விடுகிறார். படம் எடுக்கிறார், சேதத்தை மதிப்பிடுகிறார். முழுக் காப்புறுதி செய்த வாகனமென்றால் சில வேளைகளில் அந்த இடத்திலேயே பணமும் கிடைத்து விடுகிறது. உடைந்த பம்பருக்கு இவ்வளவு விரைவாகக் கிடைக்கும் நட்டஈடு, அதே விபத்தில் உடைந்த மனிதனின் காலுக்குப் பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. சட்டத்தில் வழி இல்லாததால் அல்ல. உரிய நேரத்தில் உரியவரிடம் நாம் போகாததால்தான் என்பது எனது கருத்து.

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது எனது தொழில். கல்முனையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் இரவோடிரவாக வேனில் புறப்பட்டு, விடியும்போது புறக்கோட்டையில் சரக்கெடுக்க நிற்பவர்கள் எம்மவர்கள். பாதி வியாபாரம் வீதியில்தான் நடக்கிறது. இந்நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். காயப்பட்டு முடங்கிப் போவோர் அதனிலும் பன்மடங்கு. ஆகவே இது எமக்கு அந்நியமான விடயமல்ல.

விபத்துக்குப் பின் வழமையாக நடப்பது என்ன? மறுதரப்பு வாகன உரிமையாளர் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு தொகையுடன் வருகிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இடையில் நிற்கிறார். "நடந்தது நடந்து போச்சு, நாட்டம் அப்படி, பேசி முடிச்சிக்கொள்ளுங்க" என்கிறார். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய கடதாசியில் காயப்பட்டவர் கட்டிலில் படுத்தபடியே கையொப்பமிடுகிறார். சமாதானம் நல்லதுதான். ஆனால் எலும்பு ஒழுங்காகக் கூடுமா, இன்னுமொரு சத்திரசிகிச்சை தேவைப்படுமா என்று டாக்டரே சொல்ல முடியாத நாளில் என்ன கணக்கில் சமாதானம்? சரக்கை விரித்துப் பார்க்காமல் விலை பேசாத வியாபாரி, தன் உடம்புக்கு மட்டும் பார்க்காமலே விலை பேசி விடுகிறார்.

இன்னும் சிலர், நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று இருந்து விடுகிறார்கள். தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு தொகை கொடுக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். ஆனால் வைத்தியச் செலவு, இழந்த வருமானம், இனி உழைக்க முடியாமற் போகும் காலம், பட்ட வேதனை ஆகிய அனைத்தையும் கணக்கிட்டுக் கேட்கும் இடம் மாவட்ட நீதிமன்றமே. அங்கே மறுதரப்பின் கவனயீனத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவரைச் சேர்ந்தது.

இதில் மூன்று விடயங்களை ஒவ்வொரு வியாபாரியும் மனதில் பதித்துக் கொள்ள வேண்டும்.

முதலாவது, காலம். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி இவ்வாறான வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "கால் சரியாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று மூன்றாம் வருடத்தில் போனால் எவ்வளவு கெட்டிக்காரச் சட்டத்தரணியாலும் உதவ முடியாது.

இரண்டாவது, காப்புறுதிக் கம்பனி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சாரதியிடம் பணமில்லை என்பதற்காகக் காயப்பட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்போ, தாக்கல் செய்து ஏழு நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு வழக்குப் பற்றி அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். அது தவறினால், வழக்கில் வென்றாலும் அந்தத் தொகையைக் கம்பனி கட்ட வேண்டியதில்லை. ஒரு கடிதத்தில் தங்கியிருக்கும் விடயம் இது. சட்டம் தெரிந்தவரிடம் ஆரம்பத்திலேயே போகச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, "என்மீதும் கொஞ்சம் பிழை இருக்கிறது" என்று ஒதுங்கி விடுவது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகு, காயப்பட்டவரின் பங்குக்கும் கவனயீனம் இருந்தால் அதற்கேற்ப நட்டஈடு குறைக்கப்படுமே தவிர, உரிமை அடியோடு அற்றுப் போவதில்லை. அதேபோல, சம்பளத்துக்கு ஓட்டும் சாரதி வேலை நேரத்தில் செய்த தவறுக்கு வாகன உரிமையாளரும் பொறுப்பாளி. மோதிய வாகனம் நிற்காமல் ஓடித் தப்பிவிட்டாலும்கூட வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு.

இனி, கணக்கெழுதுபவன் என்ற முறையில் எனக்கு மிக முக்கியமாகப்படும் விடயம். விபத்தில் சிக்கிய ஒரு ஹாட்வெயார் வியாபாரியுடன் சட்டத்தரணியிடம் போயிருந்தேன். "மாத வருமானம் எவ்வளவு?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி. இவர் பெரிய தொகையொன்றைச் சொன்னார். "அதை எதைக் கொண்டு காட்டுவது?" என்றார் சட்டத்தரணி. கடையில் ஒழுங்கான புத்தகமில்லை. வங்கிக் கணக்கில் காசு தங்கியதில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் காட்டியதோ அவர் சொன்னதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. வரிக்கு ஒரு வருமானம், நட்டஈட்டுக்கு வேறொரு வருமானம் என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியுமா? மறுபுறம், சைக்கிளில் துணி கொண்டுபோய் விற்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அன்றாட விற்பனையை அப்பியாசக் கொப்பியில் எழுதி, வாரக் காசை வங்கியில் போட்டு வந்தவர். அந்தக் கொப்பியும் வங்கிப் புத்தகமும் அவரது வருமானத்துக்குச் சாட்சியாகின. காப்புறுதிக் கம்பனி விளக்கத்துக்கு முன்பே பேச்சுக்கு வந்தது. கணக்கு வைப்பது வரிக்காரருக்காக மட்டுமல்ல, தமக்காகவுந்தான் என்பதை எம்மவர்கள் விளங்கிக் கொள்வது எப்போது?

வருமானக் கணக்கைப் போலவே மற்றைய பத்திரங்களையும் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். பொலிஸில் முறைப்பாடு பதியப்பட்டதா என்று பார்த்து, அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அதற்கு ஆளில்லை என்றால், எழுதியதை வாசித்து விளங்கப்படுத்திய பின்பே கையொப்பமிடுங்கள். தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலம் பின்னர் எமக்கே எதிராக நிற்கக்கூடும். ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடந்ததா என்பதை உறுதிசெய்யுங்கள். மருந்துக் கடை பில் முதல் முச்சக்கர வண்டிக் கூலி வரை ஒரு கோவையில் போடுங்கள். சாட்சிகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

சட்டத்தரணியைத் தெரிவு செய்வதிலும் வியாபாரப் புத்தி வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் நின்று "நான் எடுத்துத் தருகிறேன்" என்பவர்களை நம்ப வேண்டாம். விபத்து நட்டஈட்டு வழக்குகளில் பழக்கமுள்ளவரா என்று விசாரியுங்கள். கட்டணம் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் என்பதை முதலிலேயே பேசி, கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வசதியற்றவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வழக்கு வருடக் கணக்கில் இழுபடும் என்பது உண்மைதான். அதற்காக ஆரம்பத்திலேயே உரிமையை எழுதிக் கொடுப்பது தீர்வல்ல. சமாதானமாக முடிப்பதானாலும் சட்டத்தரணி பார்த்த கடதாசியில் முடிப்பதே பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. நாளை எமது லொறியே ஒருவரை மோதக்கூடும். காப்புறுதி காலாவதியாகாமல் இருக்கிறதா, லொறியில் ஏறிவரும் பையன்களுக்கும் அது செல்லுமா என்று இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வேலைக்கு வந்து போகும் வழியில் நேரும் விபத்துக்கும் தொழிலாளிக்கு நட்டஈடு உண்டு என்று 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. எமது கால் முறிந்தால் கேட்கும் நியாயம், எமது கடைப் பையனின் கால் முறிந்தாலும், எமது லொறியில் அடிபட்ட ஏழையின் கால் முறிந்தாலும் அதே நியாயந்தான். கேட்கத் தெரிந்தவர் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.