சத்திரக்காரர் எந்தத் தமிழில் பேசுவார்?

அக்கரப்பத்தனையில் மழை பிடித்தால் விடாது. தோட்டத்துக்கே மூடி போட்ட மாதிரி பனி இறங்கிவிடும். மைதானம் சேறு, பந்து பள்ளத்துக்குள்ள. அப்படியான நாட்களில் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் டிவி கேம் இருக்கிற ஒரே காம்பராவில் போய் அடைஞ்சிருவோம். எங்களில் மூத்தவர்கள் வளர்ந்தது அப்படித்தான். அந்த மெஷின் 1983இல் நிண்டெண்டோ ஜப்பானில் விட்ட ஃபாமிகொம் மெஷினின் சைனா நகல் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கெசட்டில் 9999 கேம்னு போட்டிருக்கும். உள்ளே மரியோ, கொன்ட்ரா, டேங்கி, அப்புறம் அதே மரியோ வேற கலரில்.

அந்தக் கெசட்டுகளில் வராதது ஒன்று உண்டு: அதே மெஷினுக்காக ஜப்பானில் செய்த கதை விளையாட்டுகள். 1986இல் டிராகன் குவெஸ்ட், 1987இல் ஃபைனல் ஃபேண்டஸி, 1990இல் படையை நகர்த்தி ஆடுகிற ஃபயர் எம்ப்ளம். இவற்றுக்கு வேகமான விரல் வேண்டாம். வாசிக்கணும். ஊருக்குள் போய் ஒவ்வொரு ஆளாகப் பிடித்துக் கேட்கணும். கிழவி சொன்னதை ஞாபகம் வைத்து மூணு ஊர் தாண்டிப் போய்ப் பயன்படுத்தணும். முதல் டிராகன் குவெஸ்டில் ஆட்டத்தைச் சேமிக்கக்கூட வாசிப்புதான். மன்னர் 20 எழுத்தில் ஒரு மந்திரம் சொல்வார், அதைக் கொப்பியில் எழுதிவைத்து மறுநாள் திரும்ப அடிக்கணும். ஒரு எழுத்து பிசகினால் போச்சு.

இதெல்லாம் போன் எமுலேட்டர் வந்த பிறகுதான் எங்கள் கைக்குக் கிடைத்தது. வந்தது ஜப்பானியத்தில், இல்லாவிட்டால் இங்கிலீஷில்.

போன மழைக்கு எங்கள் லயத்தில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் டிராகன் குவெஸ்டை இங்கிலீஷில் ஆடிக்கொண்டிருந்தான். ஆடினான் என்று சொல்ல முடியாது. பேச்சு வர வர பட்டனை அமுக்கித் தள்ளிக்கொண்டே இருந்தான். பத்து நிமிஷத்தில் ஆள் செத்தது. “என்னா சொல்றான்ணே இவன்?” என்று கேட்டான். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்ல ஆரம்பித்தோம். மன்னர் கொடுப்பது 120 காசு. கடையில் செம்பு வாள் 180, தடி 60, மூங்கில் கம்பு 10, துணி 20. சத்திரத்தில் ஒரு ராத்திரி படுக்க 6. அவ்வளவுதான், இஸ்தோப்பில் நாலு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தடியும் துணியும் வாங்கினால் மிச்சம் 40, அதில் எத்தனை ராத்திரி தாங்கும் என்று கணக்கு நடக்கிறது. சம்பள நாளில் வீட்டில் நடக்கிற அதே கணக்கு. அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு எங்களுக்கு ஒன்று உறைத்தது. கேம் விளையாடிப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. இந்தப் பிள்ளைகள் வாசிக்கத் தயாராக இருக்கிறார்கள், வாசிக்கக் கிடைப்பதுதான் அவர்கள் பாஷையில் இல்லை. இந்த விளையாட்டுகளைத் தமிழில் கொண்டுவர வேண்டும். எந்தக் கம்பெனியும் வந்து செய்யப்போவதில்லை. நாங்களேதான் செய்யணும்.

ஆகாத காரியம் இல்லை. 1992இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி ஐந்தாம் பாகத்தை 1997இல் ஆர்பிஜிஇ என்ற ரசிகர் குழு இங்கிலீஷுக்கு மாற்றியது. கம்பெனி தன் இங்கிலீஷ் பதிப்பை விட்டது 1999இல்தான். 1995இல் வந்த செய்கென் டென்செட்சு மூன்றாம் பாகத்துக்கு ரசிகர்களின் இங்கிலீஷ் 2000இல் கிடைத்தது, அதிகாரபூர்வமாக வர 2019 ஆகிவிட்டது. இவர்கள் விளையாட்டைப் பகிர்வதில்லை, மாற்றத்தை மட்டும் சின்ன ஒட்டுக் கோப்பாகக் கொடுப்பார்கள். நாங்களும் அந்த வழியில்தான் போவோம்.

தமிழ் எழுத்து அதில் அடங்குமா? இதில்தான் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஃபாமிகொம்மில் எழுத்து என்பது 8க்கு 8 புள்ளிக் கட்டம். பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 கட்டம்தான், வரைபடமும் அதற்குள்ளேயே. 64 கிலோபைட்டில் முழு விளையாட்டையும் அடைக்க, முதல் டிராகன் குவெஸ்டைச் செய்தவர்கள் கதகனா எழுத்தில் 20ஐ மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி பேய்களுக்குப் பேர் வைத்தார்கள். நமக்கு 247 என்று பயப்பட வேண்டாம். கொம்பு, கால் எல்லாவற்றையும் தனியாகப் பிரித்தால் சுமார் 125 வடிவத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ‘ணூ’வை எட்டுப் புள்ளி அகலத்தில் போட்டுப் பாருங்கள், கரப்பான் மாதிரி இருக்கும். அதனால் 1990இல் வந்த சூப்பர் ஃபாமிகொம் விளையாட்டுகளே நமக்கு லேசு. கஞ்சிக்காக அதில் 16க்கு 16 கட்டம் வரைக்கும் போவார்கள். கஞ்சி என்றால் நம்ம கஞ்சி இல்லை, ஜப்பான்காரரின் சீன எழுத்து.

எழுத்தை விடப் பெரிய சண்டை எந்தத் தமிழ் என்பதில். 1989இல் டிராகன் குவெஸ்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் ஊர்க்காரர் வாயில் ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷைத் திணித்தார்கள். ஜப்பானியத்தில் அவர்கள் சாதாரணமாகத்தான் பேசுவார்கள். நம்மிடமும் அந்த வியாதி உண்டு. குழுவில் ஒருவர் எழுதிவந்த முதல் வரி: “வருக வீரரே, இளைப்பாறிச் செல்க.” பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினோம், ஒருத்தரும் சிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை. “வாங்க தம்பி, நல்லா நனைஞ்சிட்டீங்க. ஆறு காசுதான், படுத்து எந்திரிச்சுப் போங்க” என்று மாற்றியதும், ஒரு பிள்ளை “இது நம்ம கடை மாமாதானே?” என்றது. மன்னர் வேண்டுமானால் மேடைத் தமிழ் பேசட்டும். சத்திரக்காரர் மலையகத்துக்காரர்தான்.

ஜப்பான் கதை எதற்கு, நம்ம கதையிலேயே கேம் செய்யலாமே என்று எங்கள் குழுவிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கனடாத் தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023இல் வந்த ‘வெண்பா’, மறுவருஷம் பாஃப்டாவில் அறிமுக விளையாட்டுக்கான விருது வாங்கியதே என்கிறார்கள். செய்யணும்தான். ஆனால் டிராகன் குவெஸ்டை எழுதிய யூஜி ஹோரியும் விசார்ட்ரி, அல்டிமா என்ற அமெரிக்க விளையாட்டுகளை ஆடி ஆடித்தான் அதற்கு வந்தார். பிறத்தியார் வேலையை ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்க்காமல் எங்களுக்கு ஒரு விளையாட்டும் எழுத வராது. மொழிபெயர்ப்பு அந்தப் பயிற்சி. அது வரைக்கும் அந்தத் தம்பி பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கவும் கூடாது.

இப்போதைக்கு ஒரு சிஆர் கொப்பியில் முதல் ஊரின் பேச்சு முழுக்கத் தமிழில் இருக்கிறது. மாட்டிக்கொண்டு நிற்பது ஸ்லைமில். முதல் சண்டையில் வருகிற, சொட்டு மாதிரி இருக்கிற அந்த நீலப் பிராணிக்கு என்ன பேர் வைப்பது? ‘அட்டை’ என்றார்கள் பெண் பிள்ளைகள், கொழுந்து மலையில் காலைக் கடிக்கிற முதல் எதிரி அதுதானே என்று. ஆனால் அது கறுப்பு, இது நீலம், சிரிக்க வேறு செய்கிறது. ‘கொழகொழா’ என்று ஒரு சின்னப் பையன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு, வருகிறவர்கள் வரலாம்.