படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். பிறகு 34 வருடம் புதுச்சேரி அரசில் குமாஸ்தா வேலை. இரண்டு இடத்திலும் கற்ற பாடம் ஒன்றுதான்: காகிதம் இல்லாத காரியத்தை நம்பாதே. பிரெஞ்சுப் பத்திரங்களில் கையெழுத்துக்கு மேலே "லு எ அப்ப்ரூவே" என்று நம் கைப்பட எழுதச் சொல்வார்கள். படித்தேன், ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். என் தகப்பனார் அந்த மூன்று வார்த்தையை எழுதும் முன் பத்திரத்தை இரண்டு தடவை வாசிப்பார்.

போன தை மாதம் என் மச்சினி மகனுக்குக் கல்யாணம். பத்து நாள் முன்னால் மச்சினி ஓர் அழகு நிலையத்தில் நெற்றியிலும் புருவ மத்தியிலும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டாள். "சுருக்கம் போயிடுமாம் அத்தான், அரை மணி நேர வேலை" என்றாள். ஆறாம் நாள் இடது இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டது. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள்.

கண் டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். என்ன மருந்து? எத்தனை யூனிட்? போட்டது யார்? ஒன்றுக்கும் பதில் இல்லை. ரசீதில் 'முகப் பேக்கேஜ்' என்றும் தொகையும் மட்டுமே இருந்தன. கடைக்காரர்களைக் கேட்டால், "சிலருக்கு அப்படி ஆகும், தானா சரியாயிடும்" என்றார்கள். சில வாரத்தில் சரியானதும் உண்மைதான். என் கோபம் அதில்தான்: ஆகும் என்று தெரிந்தவர்கள் பணம் வாங்கும் முன் ஏன் சொல்லவில்லை?

இந்த மருந்து ஒரு விஷம். கெட்டுப்போன தொத்திறைச்சி தின்று ஜனங்கள் செத்ததை 1820 வாக்கில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற ஜெர்மானிய வைத்தியர் ஆராய்ந்தார். தொத்திறைச்சிக்கு லத்தீனில் 'போட்டுலுஸ்'. பெயர் அங்கிருந்து வந்தது. நரம்பு தசைக்கு அனுப்பும் உத்தரவை இது தடுத்துவிடும். அளவோடு போட்டால் அதுவே மருந்து. 1989-ல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதித்தார்கள். 2002-ல்தான் புருவச் சுருக்கத்துக்கு. ஆகவே மருந்தின் மேல் எனக்குப் பகையில்லை. அழகாக இருக்க ஆசைப்பட்டவளைக் கேலி செய்யவும் மாட்டேன். ஓய்வு பெறும்வரை தலைக்கு மை பூசியவன் நான்.

ஆனால் தலைவலி, ஊசி பட்ட இடத்தில் கன்றிப்போதல், கோணிய புருவம், தொங்கும் இமை, இரட்டைப் பார்வை, கண் வறட்சி ஆகியவை வரக்கூடும். அபூர்வமாக மருந்து உடம்பில் வேறு இடத்துக்குப் பரவி, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமாகலாம். அதற்காக 2009-ல் அமெரிக்க மருந்துத் துறை கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. அப்படி ஏதாவது தோன்றினால் பார்லருக்குப் போன் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. வேகம் தணிய மூன்று நான்கு மாதம் ஆகும்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. முதுமையில் இமை தானே தளரும். நெற்றித் தசைதான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தசையை மயக்கினால் இமை கீழே வரத்தானே செய்யும்? இதயத்துக்காக ரத்தம் உறையாமல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கன்றிப்போவது அதிகம். தசைச் சோர்வு நோய் இருப்பவர்களுக்கு ஆபத்து. இதையெல்லாம் என் மச்சினியிடம் ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஒரு ரேஷன் கார்டில் பெயர் திருத்த நாங்கள் நான்கு காகிதம் கேட்டோம். ஜனங்கள் திட்டினார்கள். திட்டட்டும். முகத்தில் விஷம் ஏற்ற ஒரு காகிதம்கூட வேண்டாமா? மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, எத்தனை யூனிட், போட்ட டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும், வரக்கூடிய கோளாறுகள்: இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். அந்தத் தாளைத் தராத இடத்தில் நாற்காலியில் உட்காராதீர்கள். உங்கள் பெண்ணோ மருமகளோ போவதாக இருந்தால் தடுக்க வேண்டாம். கூடப் போய் அந்தத் தாளைக் கேளுங்கள். படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.