ஆதன வரி நிலுவையும் வாரிசுகளின் உரிமையும்

கண்டி மாநகரை மலைகளும் மகாவலியும் சூழ்ந்து நிற்பதால், அங்கு கட்டடம் எழுப்பத்தக்க வெற்றுக்காணி அரிது. 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் என்பதால், மையப் பகுதியில் பழைய கட்டடங்களை எண்ணியபடி இடித்துக் கட்டவும் இயலாது. இந்நிலையில், உரிமையாளர் கவனியாது விட்ட ஆதனங்களின் மீது முதலீட்டாளரின் பார்வை திரும்புவது வியப்புக்குரியதல்ல. அத்தகைய ஆதனங்களை இனங்காட்டும் முதல் அடையாளம் ஆதன வரி நிலுவையே.

பல வருடங்களாக வரி செலுத்தப்படாத வீடு என்றால், உரிமையாளர் இறந்திருக்கலாம்; கடல் கடந்திருக்கலாம்; வாரிசுகளிடையே பிணக்கு இருக்கலாம். எதுவாயினும் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்பதே வியாபாரக் கணக்கு. அமெரிக்காவில் இத்தகைய நிலுவைப் பட்டியல்களைத் தேடி முதலிடுவது தனியொரு தொழிலாகவே வளர்ந்துள்ளது.

நமது நாட்டில் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், நிலுவைக்காக ஆதனத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை மாநகர சபைக்கு வழங்குகின்றது. வீதி விளக்கு, வடிகால், குப்பை அகற்றல் ஆகியவற்றுக்கு இவ்வரி இன்றியமையாதது. ஆகவே வரி அறவிடுவதை நாம் குறை கூறவில்லை. அறிவித்தல் உரியவரைச் சென்றடைகின்றதா என்பதே நமது கேள்வி.

1983 ஜூலை வன்செயல்களின்போது மலையக நகரங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வெளியேறின. அவர்களுள் பலரது பிள்ளைகள் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. ஒருவர் இறந்ததும் வாழ்க்கைத் துணை, பெற்றோர், ஆண் மக்கள், பெண் மக்கள் ஆகியோருக்கு மார்க்கம் வகுத்த பங்கு உரித்தாகின்றது. ஆனால் காணியோ பிரிக்கப்படாமலும், வரிப் பதிவேடு பாட்டனாரின் பெயரிலும் கிடக்கின்றது. இறந்தவரின் பெயருக்கு வரும் அறிவித்தல் பூட்டிய கதவடியில் மக்கிப் போகின்றது.

வாங்குவோரும் ஏமாறலாம். வரிப் பற்றுச்சீட்டு காணி உறுதி ஆகாது. வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஒரு சகோதரனிடம் மட்டும் கையொப்பம் பெற்று வாங்கியவருக்கு, அச்சகோதரனின் பங்கு மாத்திரமே சேரும். சகோதரிகளின் பங்கு சேராது. கண்டி காணிப் பதிவகத்தில் உறுதிகளைத் தேடிப் பார்க்காமல், தரகரின் சொல்லை நம்பிப் பணம் கொடுப்போர் வழக்கையே விலைக்கு வாங்குகின்றனர்.

மறுபுறம், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருடங்கள் எதிரிடையாக ஆண்டு வந்தவர் உரிமை கோர முடியும். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் உரிமையை நாட முடியாதிருந்தோருக்கு நிவாரணம் அளித்தது. கண்டியில் கும்பல் வன்முறைக்கு அஞ்சி ஓடியோர் அச்சொற்களுக்குள் அடங்குவரா என்பது ஐயமே.

2023 மே மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. மினசோட்டா மாநிலத்தில் 94 வயது மூதாட்டி ஒருவர் செலுத்த வேண்டியிருந்தது சுமார் 15,000 டொலர். அவரது வீடு 40,000 டொலருக்கு விற்கப்பட்டது. மிகுதிப் பணத்தையும் உள்ளூர் நிர்வாகமே வைத்துக்கொண்டது. அது அரசியலமைப்புக்கு முரணானது என நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். கடனுக்கு மேல் ஒரு சதமும் எடுக்கலாகாது என்பதே அதன் சாரம்.

எனவே, விற்பனைக்கு முன்னதாக உரிமையாளரையும் வாரிசுகளையும் மாநகர சபை தேடி அறிய வேண்டும். மும்மொழிகளிலும் பத்திரிகை அறிவித்தல் வெளியிட வேண்டும். தவணை முறையில் செலுத்தவும் இடமளிக்க வேண்டும். முதலீட்டாளர்கள் ஏலத்துக்காகக் காத்திராது, வாரிசுகள் அனைவரையும் அணுகி நியாய விலை பேசுவதே அறமும் பாதுகாப்புமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விழிப்பு நமக்கே தேவை. ஜனவரி 31 ஆம் திகதிக்குள் முழு வருட வரியையும் செலுத்துவோருக்குப் பத்து வீதக் கழிவு உண்டு. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதும், பங்குகளை உறுதியில் எழுதி முடிப்பதும் அதைவிட முக்கியமானவை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் இதனை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். மூதாதையர் வியர்வையில் வாங்கிய மனை, நமது அசட்டையால் பிறர் கைக்குப் போகலாகாது.