கார் வருமுன் வீட்டைப் பாருங்கள்

 

மாவனல்லையில் இருக்கும் என் சாச்சியின் மகள் ஒருநாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்த நேரத்தில் மணி அடித்தால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதானே இருக்கும்? அவர்கள் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்து அன்றைக்கு நாலாவது நாள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கார் வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். அவளும் வட்டிலப்பம் செய்து பங்கிட்டிருக்கிறாள். அன்றிரவு மச்சான் சாப்பாட்டறை பிளக்கிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் கோட்டை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மிச்ச வயரைச் சுருட்டி வாசற்படியில் வைத்துவிட்டு, காரை சார்ஜுக்குப் போட்டிருக்கிறார். முதல் இரவு ஒன்றுமில்லை. இரண்டாம் இரவும் ஒன்றுமில்லை. மூன்றாம் இரவு தஹஜ்ஜுதுக்கு எழும்பியவளுக்கு ஏதோ கருகும் வாசனை. போய்ப் பார்த்தால் பிளக் பொயின்ட் தவிட்டு நிறமாகி, பிளக் உருகி அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது! அந்தச் சுவருக்கு மறுபக்கம் பிள்ளைகள் படுக்கும் அறை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ், வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"ராத்தா, அஞ்சு மாசமா இந்தக் காரப் பத்தித்தான் வீட்ல பேச்சு. கலர், சீட்டு, நம்பர் எல்லாம் பேசினோம். செவத்துல இருக்கிற பிளக்கப் பத்தி ஒருத்தரும் பேசல்ல" என்றாள்.

இந்த மாதம் வேறொரு விடயம் எழுதத்தான் எண்ணியிருந்தேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளில் எங்கள் ஆண்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதும், பெற்றோல் தேவையில்லாத காரைப் பலரும் நாடிப் போனது இயல்புதான். பணத்தை எந்த வழியில் தேடுவது, லீசிங்கா, வட்டி கலவாத முராபஹா, இஜாரா முறைகளா என்பது தனியாகப் பேச வேண்டிய விடயம். அது முடிந்து, முற்பணமும் கொடுத்து, "கார் வரும் திகதி இது" என்று சொல்லப்பட்ட வீடுகளுக்குத்தான் இந்தப் பக்கம்.

பெற்றோல் கார் வந்தால் வீட்டில் மாறுவது குறைவு. அது குடிப்பதும் தின்பதும் வெளியில். மின்சாரக் காரோ உங்கள் வீட்டில், உங்கள் சுவரிலிருந்து, உங்கள் கரண்ட் பில்லில் குடிக்கப்போகிறது. ஆகவே "அது ஆம்பிளைகளின் வேலை" என்று நாங்கள் அடுப்படியில் நின்றுவிட முடியாது. எந்த நேரத்தில் மோட்டர் போடுவது, எப்போது அயன் பிடிப்பது, எந்த பிளக் சூடாகிறது என்பதெல்லாம் வீட்டில் யாருக்குத் தெரியும்?

முதலில் அந்தப் பிளக்கின் கதை. காரோடு தரப்படும் சிறிய சார்ஜர் சாதாரணமாக 10 அம்பியர் அளவில் மின்சாரம் எடுக்கும். எங்கள் நாட்டின் 230 வோல்ட்டில் அது 2300 வாட். இரண்டு அயன்களை ஒரே பிளக்கில் போட்டு விடிய விடிய வைத்திருப்பது போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். அயன்கூட சூடானதும் தானாக நின்று, ஆறியதும் மீண்டும் எரியும். கார் நிற்காது, ஏழெட்டு மணித்தியாலம் ஒரே சீராக இழுக்கும். இருபது, முப்பது வருடம் பழகிய பிளக்கில் உள்ளே உள்ள பித்தளைத் துண்டுகள் தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும். அந்தச் சூடு அதை மேலும் தளர்த்தும். எக்ஸ்டென்ஷன் கோட்டைச் சுருட்டி வைத்தால் வயரின் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். என் சாச்சியின் மகள் வீட்டில் நடந்தது இதுதான். கார் மீது எந்தக் குற்றமும் இல்லை.

எனவே கார் வருவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே, என்.வீ.கியூ. சான்றிதழ் உள்ள ஒரு மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். பழக்கமான வயரிங் பாஸ்தான் என்றாலும் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை தனி வயர், அதற்கென்று தனி சுவிட்ச், தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த். இவ்வளவும் வேண்டும். 16 அம்பியருக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயரும், 32 அம்பியருக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயரும் போடச் சொல்லுங்கள். தூரம் கூடினால் அதைவிடத் தடித்தது தேவைப்படும். ட்ரிப் சுவிட்சும் மின்சாரக் கார் சார்ஜிங்குக்குப் பொருத்தமான வகையாக இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நூறடி வயருக்குக் காசு மிச்சம் பிடிக்கப் போய், காருக்கு இத்தனை இலட்சம் கொடுத்ததற்கு என்ன அர்த்தம்?

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. "சுவரில் பெரிய சார்ஜர் பூட்டுங்கள், மூன்று மடங்கு வேகத்தில் ஏறும்" என்று விற்பவர்கள் ஆசை காட்டுவார்கள். அந்த 7 கிலோவாட் சார்ஜர் ஏறக்குறைய 32 அம்பியர் எடுக்கும். எங்களில் அநேகருடைய வீடுகளுக்கு வந்திருக்கும் இணைப்போ, ஒற்றைக் கட்டத்தில் 30 அம்பியர். அதாவது வீடு முழுவதற்கும் வரும் மின்சாரத்தைவிட அந்த ஒரு பெட்டி அதிகம் கேட்கிறது! சோற்றுக் குக்கர், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் எங்கே போகும்? ஒன்றில் சார்ஜரை 16 அம்பியர் அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும்; அல்லது உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் விண்ணப்பித்து மூன்று கட்ட இணைப்பு எடுக்க வேண்டும். இரண்டாவதற்குச் செலவும் உண்டு, காத்திருப்பும் உண்டு. என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்குச் சிறிய சார்ஜரும் ஒழுங்கான ஒரு தனிப் பிளக்கும் போதும் என்பேன். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை 10 அம்பியரில் போட்டால் 16 யூனிட் ஏறும். அது ஏறக்குறைய 100 கிலோமீற்றர் ஓட்டம். கடைக்கும் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் ஒரு நாளில் அவ்வளவு தூரம் யார் ஓடுகிறார்கள்?

இனி பில். இதைக் கார் வருமுன்பே கணக்குப் போட்டு வைக்காவிட்டால் முதல் மாதம் வீட்டில் சண்டைதான். நடுத்தரக் கார் ஒன்று 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 15 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடினால் 150 யூனிட். இதுவரை 100 யூனிட் பாவித்த வீடு இனி 250 யூனிட் பாவிக்கும். எங்கள் நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். 180 யூனிட்டைத் தாண்டியவை உயர்ந்த படியில் போய் உட்காரும். ஆகவே 150 யூனிட்டைப் பழைய விலையில் பெருக்கிப் பார்த்து நிம்மதியடையாதீர்கள்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறை. அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக அதிகம். மற்ற நேரம் நடுத்தரம். உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா, எந்த மீற்றர் பூட்ட வேண்டும் என்பதை மின்சார அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் அவரிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். அந்த முறைக்கு மாறினால் கார் மட்டும் மாறாது, வீடு முழுவதும் மாறும். மஃரிபிலிருந்து இஷாவுக்குப் பிறகு வரை நாங்கள் சமைப்பதும், பிள்ளைகளின் யூனிபோமுக்கு அயன் பிடிப்பதும், எல்லா அறையிலும் விளக்கு எரிவதும் அந்த விலை கூடிய நான்கு மணித்தியாலத்துக்குள்தான். அயனையும் வொஷிங் மெஷினையும் வேறு நேரத்துக்கு மாற்ற உங்களால் முடியுமா? முடியும் என்றால் இலாபம். கைக்குழந்தையும் வயதான மாமியும் உள்ள வீட்டில் முடியாது என்றால், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தத் தீர்மானம் உங்களைக் கேட்காமல் எடுக்கப்படக் கூடாது. ரமழானில் ஸஹருக்கு எழும்புபவர்களுக்கு அந்த மலிவான நேரம் இன்னும் கொஞ்சம் கைகொடுக்கும்!

சார்ஜரை எங்கே பூட்டுவது? தண்ணீர் தேங்காத, பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்பதற்குச் சுவரில் கறை இருக்கும் வீடுகள் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்தில் எத்தனையோ. அந்தக் கறைக்கு மேலே பூட்டச் சொல்லுங்கள். மழையில் சார்ஜ் போடக்கூடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். காரில் செருகும் பகுதி மழைக்குத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் சுவர்ப் பிளக்குக்கு மூடி வேண்டும். வயரின் நடுவிலுள்ள பெட்டியைத் தரையில் போடாமல் ஒரு கொக்கியில் மாட்டுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை மட்டும் ஸ்டார்ட் செய்யவோ சார்ஜில் போடவோ கூடாது, வெளியே காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும்.

சிறு பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு இன்னொரு வார்த்தை. இந்தக் கார் சத்தமில்லாமல் நகரும். எஞ்சின் இரைச்சல் கேட்டு வாசலிலிருந்து ஓடிப் பழகிய பிள்ளைக்கு இது வருவது தெரியாது. புதிய கார்கள் மெதுவாகப் போகும்போது ஒரு மெல்லிய ஒலி எழுப்பும், ஆனால் விளையாட்டு மும்முரத்தில் அது காதில் விழுமா? கார் வரும் முன்பே கேட்டுக்குள் ஒரு எல்லையைக் காட்டி, "இதற்கு அப்பால் விளையாடக் கூடாது" என்று பழக்கிவிடுங்கள்.

சென்ற வருடம் ஒரு கலியாண வீட்டில் கண்டதையும் சொல்ல வேண்டும். விருந்துக்கு வந்தவர் ஒருவர், யாரையும் கேட்காமல், வாசலிலிருந்த பிளக்கில் தன் காரைச் செருகிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் மின்விளக்குத் தோரணமெல்லாம் அணைந்தது! பிறர் வீட்டு மின்சாரமும் பிறர் உடைமைதான். போனுக்கு சார்ஜ் போடுவதைப் போல இதை எண்ண முடியாது. பள்ளிவாசலில் இன்னும் கவனம் வேண்டும். ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் பள்ளிப் பிளக்கில் காரைப் போட்டால், அது வக்ஃபுச் சொத்திலிருந்து எடுப்பது. நிர்வாகத்தினரிடம் அனுமதி கேட்டு, யூனிட்டுக்கு உரிய காசையும் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டு ஆண்களுக்கும் வாலிபப் பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கார் வரும் நாளில் வட்டிலப்பம் பங்கிடும் வேலையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நீங்களும் காரருகே நிற்க வேண்டும். சார்ஜ் வயர் பூட்டில் இருக்கிறதா, இரண்டாவது சாவி தரப்பட்டதா என்று பாருங்கள். கொண்டு வந்தவர் போகுமுன், உங்கள் புதிய பிளக்கில் ஒரு அரை மணித்தியாலம் சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும். வயர் காரில் இறுகிக்கொண்டால் எப்படிக் கழற்றுவது என்றும் கேட்டு, நீங்களே ஒருமுறை கழற்றிப் பழகுங்கள். இங்கு புதிதாக வருபவற்றில் பெரும்பாலும் டைப் 2, சீ.சீ.எஸ். 2 என்ற வாய்கள். பழைய ஜப்பான் கார்களில் சாடெமோ. சீன நாட்டுப் பாவனைக்கென்றே செய்தவற்றில் ஜீ.பீ./டீ. உங்களுடையது எது என்று ஒரு துண்டில் எழுதிக் காருக்குள் வையுங்கள். நெடும் பயணத்தில் பாதையோர சார்ஜருக்குப் போகும்போது அது கை கொடுக்கும். பாவித்த லீஃப் எடுத்தவர்கள், முன் பலகையில் பெட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று முற்பணம் கொடுக்குமுன்பே எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதவர்கள் இன்றைக்காவது எண்ணுங்கள்.

இன்னும் ஒன்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போனதே, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சரே சொன்னாரே, நினைவிருக்கிறதா? குரங்கு நம்மிடம் கேட்டுக்கொண்டு வராது. நடு இரவில் பிரசவ வலி வரலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் கூடலாம். பெட்டரி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியபடி காரை இரவில் நிறுத்தி வைக்காதீர்கள். மாவனல்லையில் இருப்பவர்கள் இன்னும் சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கடுகண்ணாவை ஏற்றம் இருக்கிறது. ஏறும்போது கார் அதிகம் குடிக்கும், இறங்கும்போதுதான் கொஞ்சம் திருப்பித் தரும்.

என் சாச்சியின் மகள் வீட்டில் இப்போது வாசலில் தனிப் பிளக் பூட்டியாயிற்று. உருகிய பழைய பிளக்கை எறியவேண்டாம், சாப்பாட்டறை அலுமாரியில் வை, கார் எடுக்கப்போகிறோம் என்று வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று பேருக்குக் காட்டியிருக்கிறாளாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.